எத்தனை கிலோ இழுக்கலாம்? மூத்தோருக்கான முதுகு வலிமைப் பயிற்சி



நான் உள்ளே வந்தபோது வாசலுக்கு அருகே அமர்ந்திருந்த ஓர் அம்மா, “தம்பி, இன்றைக்கு எங்களை இரும்பு தூக்கச் சொல்லப்போகிறீர்களாமே, எத்தனை கிலோ?” என்று கேட்டார். “பேசி முடிக்கும்போது சொல்கிறேன் அம்மா” என்று சொல்லியிருக்கிறேன். மூத்தோருக்கு வலிமைப் பயிற்சி சொல்லிக்கொடுக்கத் தொடங்கியதிலிருந்து, எந்தச் சமூக மன்றத்துக்குப் போனாலும் எனக்கு முதலில் வரும் கேள்வி இதுதான். நியாயமான கேள்விதான். மாத்திரை வாங்கினால் எத்தனை மில்லிகிராம் என்று பார்க்கிறோம் அல்லவா? ஆனால் எடை விஷயத்தில் எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. அதே 5 கிலோ ஒருவருடைய முதுகுக்கு வலிமை தரும். பக்கத்தில் நிற்பவருடைய முதுகைப் பிடித்துக்கொள்ள வைக்கும்.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் சேர்ந்த பெரியவர். அப்போது அவருக்கு 71 வயது. இளமையில் மூட்டை தூக்கி உழைத்த உடம்பு. பேரனுடன் உடற்பயிற்சிக்கூடத்துக்குப் போயிருக்கிறார். அங்கே இளைஞர்கள் முன்னால் குனிந்து, நீண்ட இரும்புக் கம்பியை வயிற்றை நோக்கி இழுத்துக்கொண்டிருந்தார்கள். இவருக்கும் ஆசை வந்தது. “எனக்குத் தட்டு எதுவும் மாட்ட வேண்டாம், வெறுங்கம்பியே போதும்” என்று அடக்கமாகத்தான் சொல்லியிருக்கிறார். தரையில் கிடந்த கம்பியைக் குனிந்து எடுத்து, ஆறு முறை இழுத்துவிட்டு, திருப்தியாக வீட்டுக்குப் போனார். மறுநாள் காலையில் முகம் கழுவக் குனிய முடியவில்லை. மூன்று வாரம் அவதிப்பட்டார். என்னிடம் வந்தபோது அவர் சொன்ன முதல் வார்த்தை: “வெறுங்கம்பிதான் தூக்கினேன், அதற்கே இப்படி ஆகிவிட்டது. எனக்கு வயதாகிவிட்டது.”

அந்த வெறுங்கம்பி எவ்வளவு எடை என்று அவரைக் கேட்டேன். இரண்டு, மூன்று கிலோ இருக்கும் என்றார்.

ஒலிம்பிக் அளவுக் கம்பி 20 கிலோ. பெண்களுக்கான கம்பி 15 கிலோ. தட்டு ஒன்றுகூட மாட்டாமல் இருக்கும்போதே அந்த எடை. அதாவது பெரியவர் முதல் நாளே, எந்தப் பழக்கமும் இல்லாமல், 10 கிலோ அரிசிப் பை இரண்டைக் கையில் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றிருக்கிறார். இதில் வயதைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? முப்பது வயதுக்காரருக்கும் அன்று முதுகு பிடித்திருக்கலாம்.

இதைக் கேட்டதும், “அப்படியானால் நமக்கு எதற்கு இந்த வம்பு, நடந்தால் போதாதா?” என்று உங்களில் சிலருக்குத் தோன்றும். நடைப்பயிற்சி நல்லது, அதை விட்டுவிடாதீர்கள். ஆனால் நடக்கும்போது காலும் இதயமும் நுரையீரலும் வேலை செய்கின்றன. முதுகின் மேற்பகுதிக்கும் தோளுக்கும் கைக்கும் பெரிய வேலை இல்லை. நம் தசைகள் முப்பது, நாற்பது வயதிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குறையத் தொடங்குகின்றன. அறுபதுக்குப் பிறகு வேகம் கூடுகிறது. பயன்படுத்தாத தசை முதலில் போகும். உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், மூத்தோர் வாரத்தில் குறைந்தது 2 நாள் தசை வலிமைப் பயிற்சியும், 3 நாளாவது உடல் சமநிலையையும் வலிமையையும் சேர்த்து வளர்க்கும் பயிற்சியும் செய்ய வேண்டும் என்று கூறியிருக்கிறது. நடையோடு நிறுத்திக்கொள்பவர்கள் பாதி வேலையைத்தான் செய்கிறார்கள்.

அதிலும் இழுப்பதை நாம் அறவே மறந்துவிட்டோம். கம்பத்தில் வளர்ந்தவர்கள் இங்கே சிலர் இருப்பீர்கள். கிணற்றில் தண்ணீர் இறைத்தது நினைவிருக்கிறதா? கயிற்றைப் பிடித்து, முழங்கையைப் பின்னுக்குக் கொண்டுபோய், வாளியை மேலே கொண்டுவருவோம். ஒரு நாளைக்கு எத்தனை வாளி! அது முதுகுக்கும் தோளுக்கும் கைப்பிடிக்கும் கிடைத்த இலவசப் பயிற்சி. வீவக வீட்டுக்கு வந்தோம், குழாயைத் திறந்தால் தண்ணீர். வசதிதான், வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டோம். ஆனால் இழுக்கும் வேலை அன்றோடு நின்றுபோனது. இப்போது நாள் முழுவதும் கைபேசியையும் தொலைக்காட்சியையும் பார்த்துத் தோள் முன்னால் சரிந்திருக்கிறது. பேருந்து சட்டென்று நிற்கும்போது கம்பியைப் பிடித்து உடம்பை நிறுத்துவது, கனமான கதவைத் திறப்பது, ஈரச்சந்தையிலிருந்து வரும் தள்ளுவண்டியைப் படியில் ஏற்றுவது, குளியலறையில் கால் வழுக்கினால் கைப்பிடியைப் பற்றிக்கொள்வது, இவை எல்லாமே இழுப்புதான்.

கைப்பிடி என்றதும் இன்னொன்று. வயதாவதால் வரும் தசை இழப்பை ஆராயும் ஆசிய நிபுணர் குழு 2019இல் சில அளவுகளை வகுத்தது. கையால் அழுத்தி அளக்கும் கருவியில் ஆண்களுக்கு 28 கிலோவுக்குக் குறைவாகவும் பெண்களுக்கு 18 கிலோவுக்குக் குறைவாகவும் காட்டினால், தசை வலிமை குறைந்திருக்கிறது என்று பொருள். உடம்பு முழுவதன் வலிமையையும் கைப்பிடியை வைத்து ஓரளவு கணிக்கிறார்கள். இழுப்புப் பயிற்சியில் முதுகோடு சேர்ந்து இந்தக் கைப்பிடிக்கும் வேலை கிடைக்கிறது. நீரிழிவு உள்ளவர்களுக்கு மேலும் ஒரு நன்மை: வேலை செய்யும் தசை இரத்தத்தில் உள்ள சர்க்கரையை எடுத்துப் பயன்படுத்துகிறது. நம் இந்தியச் சமூகத்தில் நீரிழிவு அதிகம் என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

உடற்பயிற்சிக்கூடத்தில் இந்தப் பயிற்சியை ‘ரோ’ என்பார்கள். படகில் துடுப்பு வலிப்பது போன்ற அசைவு என்பதால் அந்தப் பெயர். நீண்ட கம்பியால் செய்தால் பார்பெல் ரோ. ஒரு கையில் பிடிக்கும் டம்பெல்லாலும், ரப்பர் பட்டையாலும், இயந்திரத்திலும் இதைச் செய்யலாம்.

தொடங்குமுன் யார் மருத்துவரைக் கேட்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். இதயநோய் உள்ளவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், குடலிறக்கம் உள்ளவர்கள், முதுகுத்தண்டில் கோளாறு உள்ளவர்கள் கண்டிப்பாகக் கேளுங்கள். எலும்பு மெலிவு நோய் உள்ளவர்களும் கேளுங்கள். முதுகை வளைத்துக் குனிந்து எடை எடுத்தால் முதுகெலும்பு நொறுங்கும் ஆபத்து அவர்களுக்கு உண்டு. நீரிழிவால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்கள் மூச்சை அடக்கிச் சிரமப்பட்டு எடை தூக்கக்கூடாது. கண்ணுக்குள் இரத்தம் கசியலாம். ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் நீங்கள் பதிந்துகொண்ட மருந்தகத்திலோ பலதுறை மருந்தகத்திலோ அடுத்த முறை போகும்போது, “நான் வலிமைப் பயிற்சி செய்யலாமா?” என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள், சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் வெறும் வயிற்றில் பயிற்சி செய்ய வேண்டாம். சட்டைப் பையில் இரண்டு மிட்டாய் இருக்கட்டும். கை நடுங்கினால், குப்பென்று வியர்த்தால், நிறுத்திவிட்டு மிட்டாயைச் சாப்பிடுங்கள். ஓய்வாக இருக்கும்போதே இரத்த அழுத்தம் 180/110 அல்லது அதற்கு மேல் காட்டினால் அன்று பயிற்சி இல்லை, மருத்துவரிடம் போக வேண்டும்.

இப்போது முறைக்கு வருவோம். இதில் எல்லாமே ஓர் அசைவில் அடங்கியிருக்கிறது. அது கையில் இல்லை, இடுப்பில் இருக்கிறது.

நம்மைக் குனியச் சொன்னால் என்ன செய்கிறோம்? கோலம் போடுவது போல, தரையில் விழுந்த சாவியை எடுப்பது போல, முதுகை வில்லாக வளைக்கிறோம். எடை இல்லாதபோது பரவாயில்லை. எடையோடு அப்படி வளைந்தால் கீழ்முதுகின் தட்டுகளும் தசைநார்களும் அந்தச் சுமையைத் தாங்க வேண்டியிருக்கும். நமக்கு வேண்டியது முதுகு வளையாமல், இடுப்பு மூட்டில் மட்டும் மடங்கும் குனிவு. கதவு கீலில் திரும்புவதைப் பாருங்கள். கதவு வளைவதில்லை, கீல்தான் திரும்புகிறது.

இதைப் பழக ஒரு துடைப்பக்கட்டை போதும். கட்டையை முதுகுக்குப் பின்னால் செங்குத்தாகப் பிடியுங்கள். ஒரு கை கழுத்துக்குப் பின்னால், மற்றொரு கை இடுப்புக்குப் பின்னால். கட்டை மூன்று இடத்தில் உடம்பைத் தொட வேண்டும்: பின்தலை, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே, இடுப்புக்குக் கீழே வால் எலும்பு. சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி, சுவருக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். முழங்காலை லேசாகத் தளர்த்துங்கள். இப்போது பிட்டத்தால் சுவரைத் தொடப் பாருங்கள். பிட்டம் பின்னால் போகப் போக, மார்பு தானாகவே முன்னால் சாயும். மூன்று இடத்தில் ஒன்று கட்டையை விட்டு விலகினாலும் முதுகு வளைந்துவிட்டது என்று பொருள். நிமிர்ந்து மறுபடியும் செய்யுங்கள். தோள் இறுகிப்போய்க் கை பின்னால் போகாதவர்கள், வேறொருவரைக் கட்டையைப் பிடிக்கச் சொல்லலாம்.

பெரும்பாலோருக்குத் தலைதான் முதலில் விலகும். கண்ணாடியில் தன்னையே பார்க்க ஆசைப்பட்டு முகத்தை நிமிர்த்துவார்கள், அல்லது காலைப் பார்த்துத் தாடையை நெஞ்சில் புதைப்பார்கள். உங்களுக்கு முன்னால் ஒன்றிரண்டு மீட்டர் தள்ளித் தரையைப் பாருங்கள், கழுத்து சரியாக நின்றுவிடும். தொடையின் பின்பக்கம் இழுப்பது போல இருந்தால் சரியாகச் செய்கிறீர்கள். கீழ்முதுகு இழுத்தால் இன்னும் பிடிபடவில்லை.

இந்தக் குனிவு பிடிபட எத்தனை நாள் ஆகும்? சிலருக்கு ஒரே வகுப்பு, சிலருக்கு ஒரு மாதம். எனக்கு அவசரமில்லை, உங்களுக்கும் வேண்டாம். துடைப்பக்கட்டையோடு பத்து முறை தடுமாறாமல் செய்ய முடியாதவர் கையில் நான் எடை கொடுப்பதில்லை. என் வகுப்பில் இதற்காகக் கோபித்துக்கொண்டவர்கள் உண்டு.

குனிவு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இனி இழுப்பு. அதே கட்டையை இரு கையாலும், உள்ளங்கை உங்களைப் பார்த்திருக்குமாறு, தோள் அகலத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பிடியுங்கள். பாதங்கள் இடுப்பு அகலத்தில். இடுப்பில் மடங்குங்கள். உடல் தரைக்குச் சமமாகப் படுக்க வேண்டியதில்லை. அது இளைஞர்களுக்கு, அதுவும் எல்லா இளைஞர்களுக்கும் அல்ல. நமக்கு நேராக நிற்பதற்கும் படுப்பதற்கும் பாதி, அதாவது 45 பாகை சாய்ந்தால் தாராளம். கைகள் தோளிலிருந்து நேராகத் தொங்கட்டும். கட்டை தொடைக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். எடை உடம்பை விட்டு விலக விலகக் கீழ்முதுகின் பாரம் ஏறும். நம்பிக்கை இல்லையென்றால் ஒரு தண்ணீர்ப் போத்தலை வயிற்றோடு அணைத்துப் பிடித்துப் பாருங்கள், பிறகு கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள்.

இப்போது மூச்சை வெளியே விட்டுக்கொண்டே கட்டையைத் தொப்புளை நோக்கி இழுங்கள். கையால் இழுப்பதாக நினைக்காமல், முழங்கையைப் பின்னால் உள்ள சட்டைப் பையில் வைப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். முழங்கை விலாவை ஒட்டிப் பின்னால் போகட்டும், பக்கவாட்டில் இறக்கை போல விரிய வேண்டாம். தோள்பட்டை எலும்புகள் இரண்டும் ஒன்றையொன்று நெருங்கும். அங்கே ஒரு கணம் நில்லுங்கள். பிறகு மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணியபடி மெல்ல இறக்குங்கள். பலர் இழுத்து முடித்ததும் வேலை முடிந்தது என்று எடையைக் கீழே விட்டுவிடுகிறார்கள். இறக்கும்போதும் தசை வேலை செய்கிறது. அதில் பாதிப் பலனை இழந்துவிடாதீர்கள்.

மூச்சை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் அடக்காதீர்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு முக்கினால் இரத்த அழுத்தம் அந்த நேரத்தில் வெகுவாக எகிறும். விட்டவுடன் சட்டென்று இறங்கித் தலை சுற்றும். மூச்சு மறந்துபோகிறவர்கள் வாய்விட்டு எண்ணுங்கள். பேசிக்கொண்டிருக்கும் வாயால் மூச்சைப் பிடிக்க முடியாது. பக்கத்தில் இருப்பவர் பார்த்துச் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

சரி, எடைக்கு வருவோம். உங்கள் எடை எது என்பதை உங்கள் முதுகு சொல்லும். துடைப்பக்கட்டையால் செய்தபோது உடம்பு எப்படி அசையாமல் இருந்ததோ, எடையோடு செய்யும்போதும் அப்படியே இருக்க வேண்டும். கை மட்டும்தான் போய் வரும். இழுக்கும்போது மார்பு மேலே எழும்பினால், இடுப்பை உதறித் தூக்கினால், தோள் காதை நோக்கி ஏறினால், மணிக்கட்டு மடங்கினால், அந்த எடை உங்களுக்கு அதிகம். நமக்கே இது தெரியாது என்பதுதான் சிக்கல். நிமிர்ந்துவிட்டோம் என்று உள்ளே இருப்பவருக்குத் தெரியவே தெரியாது. அதனால் பேரப்பிள்ளையிடம் கைபேசியைக் கொடுத்துப் பக்கவாட்டில் நின்று காணொளி எடுக்கச் சொல்லுங்கள். முன்னால் இருந்து எடுத்தால் முகம் நன்றாகத் தெரியும், முதுகு தெரியாது.

இரண்டாவது அடையாளம், மிச்சம். பத்து முதல் பன்னிரண்டு முறை இழுத்துவிட்டு நிறுத்தும்போது, “இன்னும் இரண்டு மூன்று முறை இதே ஒழுங்கோடு செய்யலாம்” என்று தோன்ற வேண்டும். இன்னும் இருபது முறை செய்யலாம் என்று தோன்றினால் எடை போதாது. தசைக்கு அது வேலையாகவே தெரியாது. எட்டாவது முறையிலேயே முகம் சுளித்தால் அதிகம். நாடித்துடிப்பைப் பார்த்து அளக்க வேண்டாம். உங்களில் பலர் சாப்பிடும் சில இரத்த அழுத்த மாத்திரைகள் துடிப்பைக் குறைத்துக் காட்டும்.

முதல் இரண்டு வாரம் ஒரு சுற்று போதும். பிறகு இரண்டு சுற்று, இடையில் ஒன்றிரண்டு நிமிட ஓய்வு. வாரத்தில் இரண்டு நாள், அடுத்தடுத்த நாளாக இல்லாமல், செவ்வாயும் வெள்ளியும் என்பது போல வைத்துக்கொள்ளுங்கள். மறுநாளோ அதற்கு மறுநாளோ தோளுக்குப் பின்னால் மந்தமாக வலித்தால் பயப்பட வேண்டாம், இரண்டு மூன்று நாளில் போய்விடும். குத்துவது போன்ற வலி, கீழ்முதுகில் பிடிப்பு, காலுக்கு இறங்கும் வலி அல்லது மரமரப்பு வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ, கால் பலமிழந்தாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பயிற்சியின்போது நெஞ்சு அழுத்தினால், மூச்சுத் திணறினால் 995ஐ அழைக்க வேண்டும். “கொஞ்சம் உட்கார்ந்தால் சரியாகிவிடும்” என்று காத்திருக்காதீர்கள்.

எடையைக் கூட்டுவதில் ஒரு கணக்கு இருக்கிறது. கம்பியில் மாட்டும் மிகச் சிறிய தட்டு பெரும்பாலான இடங்களில் 1.25 கிலோ. இரு பக்கமும் மாட்ட வேண்டும் என்பதால் ஒரேயடியாக 2.5 கிலோ கூடும். 40 கிலோ இழுக்கும் இளைஞருக்கு அது பதினாறில் ஒரு பங்கு, அவருக்கு உறைக்காது. 10 கிலோ இழுக்கும் உங்களுக்கு அது நான்கில் ஒரு பங்கு! மாதம் 1,000 வெள்ளி வாடகையைத் திடீரென்று 1,250 ஆக்கினால் எப்படி இருக்கும்? ஆகவே எடையைக் கூட்டும் முன் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். 10 முறையிலிருந்து 12, பிறகு 15. பதினைந்து முறையும் ஒழுங்காக, அடுத்தடுத்து இரண்டு வகுப்பில் வந்த பிறகு, கிடைப்பதிலேயே சிறிய அளவைக் கூட்டி, மறுபடியும் 10 முறைக்கு இறங்குங்கள்.

என் சொந்தக் கருத்தைக் கேட்டால், அறுபதைத் தாண்டிப் புதிதாகத் தொடங்குபவர்களுக்குக் கம்பி முதல் படி அல்ல. சிலருக்கு அது கடைசிப் படியாகக்கூட இருக்கத் தேவையில்லை. பார்பெல் ரோவில் முதுகு இரண்டு வேலை செய்கிறது: எடையை இழுக்க வேண்டும், கூடவே உடம்பைச் சாய்ந்த நிலையில் தாங்கி நிற்கவும் வேண்டும். பெரும்பாலும் இரண்டாவது வேலையில்தான் ஆபத்து. அந்த வேலையை நாற்காலியிடம் கொடுத்துவிட்டால், முதலாவதை நிம்மதியாகச் செய்யலாம்.

வீட்டில் இதைச் செய்ய, சக்கரமில்லாத கனமான நாற்காலியைச் சுவரோடு ஒட்டி வையுங்கள். இடது கையை நாற்காலியின் இருக்கையிலோ முதுகிலோ ஊன்றுங்கள். வலது காலைச் சற்றுப் பின்னால் வைத்து, பழகிய அதே குனிவில் நில்லுங்கள். வலது கையில் பேரங்காடிப் பை. அதற்குள் 1.5 லிட்டர் தண்ணீர்ப் போத்தல் ஒன்று. முழங்கையை விலாவை ஒட்டிப் பின்னால் கொண்டுபோய், மெல்ல இறக்குங்கள். பத்து முறைக்குப் பிறகு கை மாற்றுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதால் அந்தப் போத்தல் ஒன்றரைக் கிலோ. அது எளிதாகிவிட்டால் அரை லிட்டர்ப் போத்தல் ஒன்றைச் சேருங்கள், 2 கிலோ. பிறகு இன்னொன்று, இரண்டரை. பல உடற்பயிற்சிக்கூடங்களில் இவ்வளவு நுணுக்கமாக எடை கூட்ட முடியாது. பையின் பிடி கையை அறுத்தால் துண்டைச் சுற்றிக்கொள்ளுங்கள்.

நிற்கவே சிரமப்படுபவர்கள் உட்கார்ந்து செய்யலாம். நாற்காலியின் முன்பகுதியில் நிமிர்ந்து உட்கார்ந்து, காலை நீட்டி, ரப்பர் பட்டையைக் காலணி போட்ட பாதத்தின் நடுவில் சுற்றி, இரு முனையையும் விலாவை நோக்கி இழுங்கள். பட்டையில் கீறல் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். அறுந்து முகத்தில் அடித்தால் கண்ணுக்கு ஆபத்து. சில துடிப்பாக மூப்படைதல் நிலையங்களிலும் ஆக்டிவ்எஸ்ஜி உடற்பயிற்சிக்கூடங்களிலும் உட்கார்ந்து இழுக்கும் இயந்திரம் உண்டு. மார்பைத் தாங்கும் திண்டு வைத்தது கிடைத்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் முறை பயிற்றுவிப்பாளரை அழைத்து இருக்கையின் உயரத்தைச் சரிசெய்யச் சொல்ல வெட்கப்படாதீர்கள்.

இதையெல்லாம் தாண்டி, கம்பியையே இழுக்க வேண்டும் என்று விரும்புபவர்கள் இருப்பீர்கள். தாராளமாகச் செய்யலாம். ஒரு கையால் 7, 8 கிலோவைப் பன்னிரண்டு முறை ஒழுங்காக இழுக்கத் தெரிந்த பிறகு பயிற்றுவிப்பாளரோடு தொடங்குங்கள். பல இடங்களில் 10 கிலோ அளவில் குட்டைக் கம்பி இருக்கும், அதைக் கேட்டு வாங்குங்கள். கம்பியைத் தரையிலிருந்து எடுக்காதீர்கள். பெரிய தட்டுகளின் விட்டம் 45 சென்டிமீட்டர். அவற்றை மாட்டினால்தான் கம்பி தரையிலிருந்து 22 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும். வெறுங்கம்பி தரையோடு தரையாகக் கிடக்கும். அதை எடுக்கக் குனிவது, இழுப்பதைவிட மோசம். நம் பெரியவருக்கு முதுகு பிடித்தது இழுத்தபோதா, எடுத்தபோதா என்று எனக்கு இன்றும் சந்தேகம் உண்டு. தொடை உயரத்தில் தாங்கி வைத்த கம்பியை நிமிர்ந்து நின்று எடுத்து, ஓரடி பின்னால் வந்து, பிறகு குனியுங்கள். முடிந்ததும் அதே வழியில் திரும்ப வையுங்கள். களைப்பாக இருக்கும்போது, அதாவது கடைசி முறை வைக்கும்போதுதான் பலர் கவனம் தவறுகிறார்கள்.

அந்தப் பெரியவர் இன்னமும் வகுப்புக்கு வருகிறார். முதல் இரண்டு மாதம் துடைப்பக்கட்டையும் தண்ணீர்ப் போத்தலும்தான். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு செய்தார். இப்போது நாற்காலியில் ஒரு கையை ஊன்றி 8 கிலோ இழுக்கிறார், உடம்பு அசைவதில்லை. கம்பிக்குப் போகலாமா என்று போன மாதம் நானே கேட்டேன். “எனக்கு என்ன அவசரம்?” என்றார். புதிதாக வருபவர்களிடம், “வெறுங்கம்பி எத்தனை கிலோ தெரியுமா?” என்று கேட்டு மடக்குவதில் அவருக்கு இப்போது பெரிய சந்தோஷம்.

வாசலோரம் இருக்கும் அம்மா, உங்கள் கேள்விக்கு வருகிறேன். உங்களுக்கு இன்றைக்கு எத்தனை கிலோ என்றால், துடைப்பக்கட்டையின் எடைதான். அதில் பத்து முறை மூன்று இடமும் தொட்டபடி குனிந்து நிமிர்ந்தால், அடுத்த வாரம் ஒன்றரைக் கிலோ. எல்லாரும் கைப்பையை நாற்காலிக்குக் கீழே வைத்துவிட்டு எழுந்து நில்லுங்கள். கட்டைகள் அந்தச் சுவரோரம் இருக்கின்றன, ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் முன்வரிசைக்கு வாருங்கள், உங்களுக்கு நான் நாற்காலியோடு காட்டுகிறேன்.